சிவப்புப் புள்ளி வைத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள்

பிப்ரவரி 11, சனி

இந்த நோட்டு எங்கள் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி கொடுத்தது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எதனால் நின்றது என்று எழுதுவதற்கு. மூன்று பக்கம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இனி இது தேடலுக்கு. எங்கே போனேன், யார் என்ன சொன்னார் என்று குறித்து வைக்காவிட்டால் ஒரே கடைக்கு இரண்டு தடவை போய் ஒரே 'இல்லை'யை இரண்டு தடவை வாங்கி வருவேன்.

தேவை: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், இரண்டு. அறுபதுகளில் வந்த வகை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னத் தகரத் தொப்பி, மூன்று கால், தலையில் சிவப்புப் புள்ளி. இன்று கடைகளில் கிடைப்பதெல்லாம் சிலிக்கான். அது கல்லுளிமங்கன், எந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் அசையாது. ஆனால் அதில் ரூபஸ் அண்ணனின் சத்தம் வராது.

அண்ணனின் கிடார் பெடல் போன வாரம் நின்றுவிட்டது. காலால் மிதித்தால் கிடார் சத்தத்தைக் கரகரப்பாக, தடிப்பாக ஆக்கித் தரும் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. 1983-இல் ராயபுரத்தில் இருந்த ஒரு கப்பல் ரேடியோ ஆபீசர் அவனுக்காகவே செய்து கொடுத்தது. அண்ணன் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று என் வீட்டில் வைத்திருந்தேன். அதுவாகவே நின்றுபோயிற்று. நாற்பது வருடப் பொருள், நிற்காதா?

டாக்டர் சொன்னது: தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும். மருந்து கிடையாது. இடது கையில் தொடங்கியிருக்கிறது.

ஹைதராபாத்காரருக்கு ஃபோன் செய்து, அந்தப் பிரதி இப்போதைக்கு நடக்காது என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12

சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெரம்பூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஹெப்சிபா மதினி மீன் குழம்பு வைத்திருந்தார்கள். அண்ணன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அந்த இடைவேளை மெட்ட ஒரு தடவ ரெகார்ட் பண்ணிடணும்டா கிளாட்சன்," என்றான்.

முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவன். பாடகர்கள் இடைவேளைக்குப் போகும்போது மேடை வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று அண்ணன் மட்டும் நின்று ஒரு மெட்டு வாசிப்பான். அவனே போட்டது, நான்கு நிமிடம். ஆரம்பிக்கும் முன் மைக்கில் எப்போதும் ஒரே வாக்கியம்: "டீ ஆறிடும், போய்க் குடிங்க." கூட்டம் சிரித்துக்கொண்டு எழுந்து போகும். கச்சேரியைக் கேசட்டில் எடுப்பவர்களும் இடைவேளைதானே என்று மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அதனால் அந்த மெட்டு எதிலும் இல்லை. அண்ணனின் கையில் மட்டும்தான் இருக்கிறது.

"பெடல் இல்லாட்டி என்ன? சும்மா வாசிக்கிறேன், எடுத்துடு."

"அந்த சத்தம் இல்லாம அது அந்த மெட்டே இல்லண்ணே. நான் பெடல ரெடி பண்றேன், அப்புறம் எடுக்கலாம்."

"சுண்டு விரல் தூங்கிடுச்சு. மத்ததெல்லாம் முழிச்சிருக்கு. பாத்துக்கோ," என்று சிரித்தான்.

நான் சொன்னது சரிதான். அரைகுறையாக எடுத்து வைத்து என்ன பிரயோஜனம்?

மார்ச் 3, வெள்ளி

வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பல்லாவரம் சந்தை. உடைந்த மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, புறா, யாரோ ஒருவர் வாங்கிய விளையாட்டுக் கோப்பைகள், இவற்றுக்கு நடுவே பழைய ரேடியோ குவித்து வைத்திருந்த ஒரு பெரியம்மா. தோல் உறை போட்ட சின்ன ரேடியோ ஒன்று. பின்மூடியைத் திறந்து பார்க்கவா என்று கேட்டேன்.

"தொறந்து பாத்தா வாங்கணும். கல்யாணப் பொண்ணு பாக்க வந்தியா, ரேடியோ வாங்க வந்தியா?"

வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால், எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ ஜெர்மானியத்தை எல்லாம் பிடுங்கிவிட்டுச் சிலிக்கான் போட்டிருக்கிறான். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். அவனைச் சபித்தேன்.

மார்ச் 11

ரிச்சி தெரு. இலியாஸ் பாய் கடையில் ஒரு டப்பா நிறையச் சிவப்புப் புள்ளி. பாய் தின்னர் தொட்ட பஞ்சை எடுத்து ஒன்றின் தலையில் தேய்த்தார். புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது.

"நெயில் பாலிஷ் தம்பி. எங்கியோ உக்காந்து வெச்சு அனுப்புறானுங்க. உங்கள மாதிரி ஆளுங்க தேடுறது அவனுங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. நீங்க தெரிஞ்சவரு, அதனால சொல்றேன்."

கோயம்புத்தூரில் பொங்கியண்ணன் என்று ஒருவரின் நம்பர் கொடுத்தார். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவராம். எதையும் தூக்கிப் போடாத ஆளாம்.

மார்ச் 26, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பழைய காது மெஷினில் ஜெர்மானியம் இருக்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஆவடி வரை போனேன். இல்லை.

ஏப்ரல் 2

மதினி ஃபோன். அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லையாம். "நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் தம்பி கிடார எடுக்குறாங்க. சும்மாவாவது வந்துட்டுப் போங்க." வருகிறேன் என்றேன்.

பொங்கியண்ணனிடமும் பேசினேன். என்னென்ன வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்தேன். அவர் அவசரப்படவில்லை.

"பெட்டி எப்படிச் சத்தம் போடுதுன்னு காதுல கேட்டாத்தானுங்க சொல்ல முடியும்? ஆரையாச்சும் வாசிக்கச் சொல்லி ஃபோன்ல புடிச்சு அனுப்புங்க. கேட்டுப்போட்டுச் சொல்றேன்."

ஏப்ரல் 9, ஈஸ்டர்

என்னிடமிருந்த ஏதோ ஒரு ஜோடியைப் பெடலில் போட்டு, அண்ணனை வாசிக்கச் சொல்லி, பத்தொன்பது நொடி ஃபோனில் பிடித்து கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். சளி பிடித்தவன் பேசுவதுபோல் அடைத்து அடைத்து வந்தது. அண்ணன் அந்த இடைவேளை மெட்டைத்தான் எடுத்திருந்தான், இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான். "போதும்ணே, கோளாறு தெரிஞ்சா போதும்," என்று நிறுத்தினேன்.

ஏப்ரல் 30

பார்சல் வந்தது! தைல டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, பதினொரு டிரான்சிஸ்டர். புள்ளிகள் தேய்த்தாலும் போகவில்லை. கூடவே ஒரு சீட்டு: 'கையில் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டாம். ஆறவிட்டு அளக்கவும்.'

எனக்கா சொல்கிறார்? ஜெர்மானியம் சூடு பட்டால் மீட்டரில் எண் ஏறும் என்பது எனக்குத் தெரியாதா? உள்ளே வரும் சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதுதான் அந்த எண். எனக்கு எண்பதுக்குப் பக்கத்தில் ஒன்று, நூற்றிருபதுக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும். ஆறு செத்தவை. மூன்று கிழடு. மிச்சம் இரண்டு: எண்பத்து மூன்று, நூற்றுப் பதினெட்டு.

ஃபேன் ரெகுலேட்டரின் இரைச்சல் பெடலுக்குள் புகும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எப்போதும் வேலை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நம்ப முடியாமல் நாலைந்து தடவை எடுத்து எடுத்து அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே எண்.

மே 14

ஈயத்தால் பற்றவைத்துப் பொருத்திவிட்டேன். இந்தத் தடவை கால்களில் கிளிப் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் சூட்டுக்கோல் இரண்டே நொடி. கிளிப் சூட்டை வாங்கிக்கொள்ளும், உள்ளே போகாது. ஜெர்மானியத்துக்கு மூன்று நொடிக்கு மேல் சூட்டுக்கோல் ஆகாது.

மே 21, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

பெரம்பூரில் அனல். கரண்ட் வேறு வந்து வந்து போயிற்று. வந்த நேரத்தில் பெடலை இணைத்தேன். அண்ணன் மிதித்தான். ஒரு தந்தியைத் தட்டினான். அப்படியே என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதே சத்தம். 1983-இன் சத்தம்.

"டீ ஆறிடும், போய்க் குடிங்க," என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினான். மதினி சிரித்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்கள். முழு மெட்டையும் வாசித்தான். நான்கு நிமிடமும். சுண்டுவிரல் செய்ய வேண்டியதை மோதிர விரலுக்கு மாற்றியிருந்தான், எங்கே மாற்றினான் என்று எனக்கே தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

பாதியில் மதினி ஃபோனைத் தூக்கிக் காட்டினார்கள். "எடுக்கட்டுமா தம்பி?"

"வேணாம் மதினி, ஃபோன்ல எடுத்தா தகரம் மாதிரி இருக்கும். ஸ்டூடியோவுல தேதி வாங்கியாச்சு. இன்னும் மூணு வாரம்தான்."

மதினி ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஜூன் 4

ஃபோனில் இடமில்லை. ஸ்டூடியோ பதிவை வாங்கி வைக்க இடம் வேண்டும். மீட்டர் படங்கள், சோதனைச் சத்தங்கள், பொங்கியண்ணனுடன் பேசியது எல்லாம் அழித்தேன். சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

வளசரவாக்கத்தில் இரண்டாவது மாடி ஸ்டூடியோ. நாலடி நடந்தாலே இப்போது கால் தள்ளாடுகிறது என்று அண்ணனைச் சக்கர நாற்காலியில் கொண்டு போனோம். லிஃப்ட் ஒழுங்காக ஓடியது. இன்று ஒழுங்காக ஓடியது அது ஒன்றுதான்.

உள்ளே ஏசி. மதினி சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பதிவு செய்பவர் லோகேஷ், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். சும்மா கண்டதையும் எடுத்து வைக்க வேண்டாம், நான் கை தூக்கினால்தான் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அண்ணன் மிதித்தான். தட்டினான். சத்தம் தொண்டையிலேயே செத்தது. ஏப்ரலில் கேட்ட அதே சளி, அதைவிட மோசம்.

பேட்டரியை மாற்றினேன். வயரை மாற்றினேன். மூடியைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். அண்ணன் கிடாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கழற்றி வைத்தால் திரும்ப மாட்டக் கஷ்டம் என்றான். தற்செயலாக என் விரல் ஒரு டிரான்சிஸ்டரின் தொப்பியில் பட்டது. ஸ்பீக்கரில் சத்தம் மெல்ல விழித்தது. விரலை எடுத்தேன். செத்தது.

அப்போதுதான் புரிந்தது.

ஏசியை நிறுத்தச் சொன்னேன். ஜன்னல் இல்லாத அறை, சூடு ஏற நேரமாகும். அண்ணனின் காலடியில் மண்டியிட்டு, பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, இரண்டு தொப்பிகளையும் விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். சத்தம் வந்தது. நன்றாகவே வந்தது.

"வந்திடுச்சுண்ணே. வாசி."

வாசித்தான். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் மோதிர விரல் தந்தியை அழுத்தி வளைக்க வேண்டும். 'டப்' என்று மொட்டையாக ஒரு சத்தம். திரும்ப முதலிலிருந்து. திரும்ப அங்கேயே. மூன்றாவது தடவை முதல் அடியும் முழுதாக வரவில்லை. வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வீட்டுக்குப் போலாம்டா," என்றான்.

வெளியே வந்து லோகேஷிடம் கேட்டேன், அந்த முதல் அடியாவது இருக்கிறதா என்று. அவருக்கு முகம் வாடிவிட்டது.

"நீங்க கை தூக்குனாத்தான்னு சொன்னீங்களே சார். நான் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன்."

என் கை இரண்டும் பெடலுக்குள் இருந்தன.

ஜூன் 12

என் மேசையில் முப்பத்தெட்டு டிகிரி. ஸ்டூடியோவில் பத்தொன்பது. வெயிலையும் என் விரல் சூட்டையும் சேர்த்து அளந்து, அதைப் பொருளின் குணம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் சீட்டிலேயே எழுதி அனுப்பினார். முட்டாள். முட்டாள்.

ஜூன் 18, ஞாயிறு

பெடலோடு போனேன். குளிருக்கு ஒத்துவரும் வேறு ஜோடி தேடித் தருகிறேன் என்றேன். அண்ணன் பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னான். அடிமூடியில் நான்கு திருகாணி. கையைத் தூக்காமல், தாடையால் ஒன்றைக் காட்டினான்.

"அந்த மூலையில இருக்கிறது எப்பவும் நிக்காதுடா. ஓட்ட பெருசாயிடுச்சு. தீக்குச்சி ஒடிச்சு வெச்சு நான்தான் சாய்வா முறுக்கியிருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு, தானா நின்னுடுச்சு, இன்னும் தொறக்கவே இல்லன்னு கொண்டு வந்து காட்டினே, பாத்தா நாலும் நேரா நிக்குது. தீக்குச்சியக் காணோம்."

அந்தத் திருகாணியின் தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.

"பிப்ரவரிலயே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"சுத்தம் பண்ணேண்ணே. தூசியா இருந்துச்சு," என்றேன்.

"சரிடா," என்றான். மதினியைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னான்.

ஜூலை 2

அடையாறில் லிஃப்ட் நின்று ஒரு வயதான தம்பதி நாற்பது நிமிடம் உள்ளே. கதவைத் திறந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்றார். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

பொங்கியண்ணன் இன்னும் ஆறு அனுப்பினார். இந்தத் தடவை இடுக்கியால் மட்டும் தொட்டு, மருந்துக்கடை ஐஸ் பெட்டிக்குள் வைத்து ஒரு அளவு, வெளியே வைத்து ஒரு அளவு. ஒரு ஜோடி தேறியது. பெடல் எந்த அறையிலும் பாடும். தயார்.

அண்ணனின் இடது கை தயார் இல்லை. நடுவிரலும் போய்விட்டது. இன்று கிடாரை மடியில் வைத்தபோது, "எடுத்துடு, கனமா இருக்கு," என்றான்.

ஆகஸ்ட் 20

எழுதாமல் விட்ட ஒன்று. பிப்ரவரி 3. பெடல் அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. நான்தான் திறந்தேன். டிரான்சிஸ்டர்களைத் தனியாக எடுத்து அளக்க வேண்டியிருந்தது. கிளிப் மாட்டவில்லை. ஈயம் உருகவில்லை என்று சூட்டுக்கோலைப் பத்து நொடி வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செத்தன.

ஏன் அளக்க வேண்டியிருந்தது என்பதை எழுத மாட்டேன்.

செப்டம்பர் 24

அண்ணனுக்குப் பேச்சு குழறுகிறது. மதினிக்கு மட்டும் முழுதாகப் புரிகிறது. நான் மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன், ஒண்ணுமில்ல என்று தலையாட்டிவிடுகிறான்.

நவம்பர் 5, ஞாயிறு

மதினி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இத்தன தடவ டெஸ்ட் பண்ணீங்களே தம்பி. உங்க ஃபோன்ல கொஞ்சமாவது இல்லியா? எவ்ளோ மோசமா இருந்தாலும் பரவால்ல. அவங்க கை ஓடுற சத்தம் கேக்கணும், அவ்ளோதான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஈஸ்டர் அன்று கோயம்புத்தூருக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பொங்கியண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"அது பழைய ஃபோன்ல வந்ததுங்க தம்பி. பையன் புதுசு வாங்கிக் குடுத்துட்டான். பழசு இங்கதான் டப்பாவுல கெடக்குது, பேட்டரி உப்பிப்போச்சு. நான் எதையும் தூக்கிப் போடறதில்லீங்க. அந்த மாடலுக்குப் பேட்டரி கெடைச்சா அனுப்புங்க, பாக்கலாம்."

நவம்பர் 7 முதல் 11 வரை

ரிச்சி தெரு. அந்த மாடல் நின்று எட்டு வருடம் ஆகிறதாம். பதினாறு கடை. கடைசியில் இலியாஸ் பாய் தன் கடையின் மேல்தட்டில் ஏறி, தூசிக்குள்ளிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை என்ன பெடல் என்று கேட்டார். சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கி வந்து, பார்சலை அவரே சுற்றி ஒட்டினார்.

நவம்பர் 18, சனி

வந்துவிட்டது. பத்தொன்பது நொடி. அதன் பின்னாலேயே பொங்கியண்ணனின் குரல்:

"தம்பி, கெடச்சுதுங்களா? அன்னைக்கு நான் பெட்டியோட சத்தத்த மட்டுந்தான் கேட்டேனுங்க. இன்னைக்குத்தான் வாசிப்பக் கேட்டேன். வாசிக்கிறது ஆருங்க?"

நானும் ஏப்ரலில் பெட்டியை மட்டும்தான் கேட்டேன். பெட்டி படு மோசம், அடைக்கிறது, இருமுகிறது. அதற்கு அடியில் அண்ணனின் கை அப்படி ஓடுகிறது. ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கடைசியில் ஒரு குரல், "போதும்ணே, கோளாறு தெரிஞ்சா போதும்." என் குரல்தான். அதை வெட்டி எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். வெட்டினால் கடைசி ஸ்வரமும் சேர்ந்து போகும். விட்டுவிட்டேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பெரம்பூர். அண்ணனை ஜன்னல் பக்கம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஃபோனை அவன் காதருகே பிடித்தேன். மதினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பத்தொன்பது நொடி. அப்புறம் என் குரல்.

திரும்பப் போடச் சொல்லிக் கண்ணால் காட்டினான். போட்டேன். இன்னொரு தடவை. ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். போர்வைக்கு மேல் கிடந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"அண்ணே, பெடல நான்தான்..." என்று தொடங்கினேன். ஹைதராபாத்காரருக்கு இதே பெடலைப் பிரதி செய்து விற்க அளக்கப் போனது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சொல்லி முடித்ததும் வாயைத் திறந்தான். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னான். புரியவில்லை. மூன்றாவது தடவை கேட்காதே என்று தோன்றியும் கேட்டேன். அவன் தலையாட்டி விட்டுவிடவில்லை. இன்னொரு தடவை முயன்றான்.

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"டீ ஆறிடுமாம் தம்பி. போய்க் குடிக்கச் சொல்றாங்க."

மேசைமேல் டம்ளர் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. இன்னொரு தடவை போட்டேன்.